ஜெர்மனியின் கத்தோலிக்க கிண்டர்கார்டனில் பிள்ளைகள் என்னதான் கற்கிறார்கள்?

ஜெர்மனிக்குக் குடிவரும் தமிழ்க் குடும்பத்தில் மூன்று வயதுப் பிள்ளை இருந்தால், வீடு அமைந்த கையோடு தொடங்கும் அடுத்த அலைச்சல் கிண்டர்கார்டன் இடத்துக்கானது. நகராட்சியின் இணையதளத்தில் பதிந்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்போம், கடைசியில் ஒருநாள் கடிதம் வரும், பிரித்துப் பார்த்தால் 'சாங்க்ட் யோசஃப்', 'சாங்க்ட் மரியன்' என்று ஏதோ ஒரு புனிதரின் பெயர் தாங்கிய இடம் கிடைத்திருக்கும். உடனே ஊரிலிருந்து போனில் இரண்டு கேள்விகள் வரும். "ஏபிசிடி எப்ப சொல்லித் தருவாங்க?" என்பது ஒன்று. இன்னொன்று கொஞ்சம் தணிந்த குரலில்: "சர்ச்சு நடத்துறதாமே, பிள்ளையை மாத்திடமாட்டாங்களே?"

எழுத்து சொல்லித் தரமாட்டார்கள். மதமும் மாற்றமாட்டார்கள். சரி, அப்படியானால் மூன்று வருடம் அங்கே என்னதான் நடக்கிறது? இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும் என்று தோன்றுகிறது, ஏனென்றால் நம் ஆட்கள் பயப்படும் இடம் ஒன்றாகவும் உண்மையில் கவனிக்க வேண்டிய இடம் வேறாகவும் இருக்கிறது.

முதலில், இத்தனை கிண்டர்கார்டன்கள் ஏன் சர்ச்சின் கையில் இருக்கின்றன என்பது. 1837இல் ஃப்ரீட்ரிஷ் ஃப்ரோபல் பாட் பிளாங்கன்பூர்கில் தன் விளையாட்டு நிலையத்தைத் தொடங்கிய காலத்திலேயே, தொழிற்சாலை வேலைக்குப் போகும் ஏழைத் தாய்மாரின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் காப்பகங்களைக் கன்னியாஸ்திரிகளும் சபையாரும் நடத்திவந்தார்கள். அந்தக் காப்பகங்களும் ஃப்ரோபலின் விளையாட்டுக் கல்வியும் மெல்ல மெல்லக் கலந்து வந்ததுதான் இன்றைய அமைப்பு. இன்றைய ஜெர்மன் சட்டப்படியும், சர்ச்சோ தொண்டு நிறுவனமோ ஒரு சேவையை நடத்த முடியுமென்றால் அரசு தானே அதில் இறங்காமல் அவர்களிடம் விட்டுவிட வேண்டும். அதனால் நாடு முழுக்க சுமார் 9,000 கத்தோலிக்க கிண்டர்கார்டன்கள் இருக்கின்றன, ஏறக்குறைய அதே அளவுக்குப் புராட்டஸ்டண்ட் சபையினுடையதும் உண்டு. ஆனால் செலவில் பெரும்பகுதி வரிப்பணம். நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன் மாநிலத்தில் சர்ச் தன் கையிலிருந்து போடுவது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். நம்மூர் கான்வென்ட் மாதிரி தனிக் கட்டணமும் டொனேஷனும் கிடையாது. பெற்றோர் கட்டும் தொகை வருமானத்தைப் பொறுத்தது, அதிலும் பள்ளிக்கு முந்தைய கடைசி இரண்டு வருடம் 2020 ஆகஸ்ட்டிலிருந்து இந்த மாநிலத்தில் இலவசம்.

வரிப்பணத்தில் நடப்பதால் பாடத்திட்டம் மாதிரியான ஒரு வழிகாட்டியும் அரசிடமிருந்தே வருகிறது. பல நாட்டு மாணவர்களின் திறனை ஒப்பிடும் பீசா தேர்வு 2000இல் நடந்தது, அதில் ஜெர்மன் மாணவர்கள் மோசமாகச் செய்தது 2001 கடைசியில் வெளியானபோது நாடே அதிர்ந்தது, அதன் பிறகுதான் சின்னப் பிள்ளைகளின் கல்வியைப் பற்றி இங்கே தீவிரமாக யோசிக்கத் தொடங்கினார்கள், 2004இல் எல்லா மாநிலங்களும் சேர்ந்து ஒரு பொது வரைவை ஒப்புக்கொண்டன. நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன் வழிகாட்டியில் பத்துக் கல்வித் துறைகள் இருக்கின்றன: உடல் அசைவு, உணவும் ஆரோக்கியமும், மொழி, சமூகமும் பண்பாடும், கலை, கணிதம், அறிவியல், சுற்றுச்சூழல், ஊடகம், அப்புறம் 'மதமும் அறநெறியும்'. ஆமாம், மதம் என்பது அரசின் பட்டியலிலேயே இருக்கிறது, நகராட்சி நடத்தும் இடமும் அதை அடியோடு விட்டுவிட முடியாது. கத்தோலிக்க கிண்டர்கார்டனில் அந்த ஒரு துறைக்குக் கூடுதல் நேரமும் பிரியமும் கிடைக்கிறது. மற்ற ஒன்பதும் எங்கேயும் போல அங்கேயும் உண்டு.

உள்ளே நுழைந்ததும் முதல் பாடம் பிள்ளைக்கல்ல, பெற்றோருக்கு. பல இடங்களில் பெர்லின் முறைப்படி பழக்குகிறார்கள்: முதல் மூன்று நாள் அம்மாவோ அப்பாவோ அறையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும், பிரித்துவிடும் முயற்சியே கிடையாது. நாலாவது நாள் சில நிமிடம் வெளியே போய்ப் பார்ப்பார்கள். பிள்ளை தேற்ற முடியாமல் அழுதால் உடனே திரும்ப அழைத்துவிடுவார்கள், இன்னும் பொறுத்திருந்து பிறகு மறுபடி முயல்வார்கள். வாசலில் அழுகிற பிள்ளையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்துகிற பழக்கத்தையே பார்த்து வளர்ந்த நமக்கு இது ஆச்சரியமாக இருக்கும். வேலைக்கு லீவு போட முடியாமல் தவிப்பவர்களுக்கு இது பெரிய சிரமம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் மூன்று வயதில் ஒரு பிள்ளைக்கு 'அம்மா போனால் திரும்பி வருவாள்' என்று உடம்பில் பதிவதைவிட முக்கியமான கல்வி வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

நடைக் கூடத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கொக்கி, அதன் கீழே வீட்டுச் செருப்பு, மேலே பெயரோடு ஒரு படம். நத்தை, குடை, ஆப்பிள், வண்டி என்று எதுவானாலும் அந்தப் படம் மூன்று வருடமும் அந்தப் பிள்ளையுடையது. படிக்கத் தெரியாத வயதில் தன் இடம், தன் துண்டு, தன் கோப்பு எது என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது, ஒரு குறி ஒரு பொருளைச் சுட்டும் என்ற எழுத்தறிவின் முதல் படியும் அதுதான். சட்டை, கோட்டு, பூட்ஸ் எல்லாம் தானே போட்டுக்கொள்ள வேண்டும். கோட்டைத் தரையில் விரித்து, கழுத்துப் பக்கம் தன் காலருகே வருமாறு வைத்து, குனிந்து இரண்டு கையையும் கைப்பகுதிக்குள் நுழைத்து, அப்படியே தலைக்கு மேல் வீசினால் கோட்டு முதுகில் வந்து உட்கார்ந்துவிடும். மூன்று வயதுப் பிள்ளைக்கும் வந்துவிடுகிற வித்தை அது. நம் வீடுகளில் ஆறு வயதுவரை நாமே மாட்டிவிட்டு, நாமே ஊட்டியும் விடுகிறோம். அதனால் முதல் சில மாதம் நம் பிள்ளைகள் நடைக் கூடத்தில் கையை நீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம்.

ஆசிரியைகளை 'மிஸ்' என்று அழைப்பதில்லை, பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். காலையில் வட்டமாக உட்கார்ந்து, நடுவில் ஒரு மெழுகுவர்த்தி, யார் வந்திருக்கிறார்கள், யார் வரவில்லை என்று எண்ணுவது, ஒரு பாட்டு, சில இடங்களில் ஒரு சின்ன ஜெபம். அதற்குப் பிறகு பெரும்பகுதி நேரம் சுதந்திர விளையாட்டு. வெளியிலிருந்து பார்த்தால் யாரும் எதுவும் கற்பிக்காத மாதிரி இருக்கும். உண்மையில் அந்த நேரத்தில்தான் ஒரே மண்வெட்டிக்கு இரண்டு பேர் சண்டை போடுகிறார்கள், ஒருவன் தள்ளுகிறான், இன்னொருத்தி கையை முன்னால் நீட்டி "நிறுத்து, எனக்கு இது பிடிக்கவில்லை" என்று சொல்லக் கற்கிறாள். இந்த ஒரு வாக்கியத்தை எல்லாப் பிள்ளைக்கும் சொல்லித் தருகிறார்கள், அடுத்தவர் அதைச் சொன்னால் நிறுத்தவும் சொல்லித் தருகிறார்கள்.

இனி மத விஷயம். கத்தோலிக்க கிண்டர்கார்டனில் மறைக்கல்விப் புத்தகம் கிடையாது, மனப்பாடம் கிடையாது, தேர்வு கிடையாது. மதம் அங்கே ஆண்டின் சுற்றாக வருகிறது. அக்டோபரில் அறுவடை நன்றி விழா, நவம்பரில் மார்ட்டின், டிசம்பரில் நிக்கோலாஸும் கிறிஸ்துமஸும், ஜனவரியில் குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்கள், பிப்ரவரி வாக்கில் கார்னிவல், அதை அடுத்து நெற்றியில் சாம்பல், வசந்தத்தில் ஈஸ்டர். மூன்று வருடம் இருந்த பிள்ளை இந்தச் சுற்றை மூன்று தடவை கடந்திருக்கும். முதல் வருடம் பயந்துகொண்டு ஆசிரியையின் கையைப் பிடித்தபடி நடந்தது மூன்றாம் வருடம் சின்னவனின் கையைப் பிடித்து நடத்தும். காலம் என்பது திரும்பத் திரும்ப வருவது, ஒவ்வொரு தடவையும் நான் கொஞ்சம் வளர்ந்திருக்கிறேன் என்பதை நாட்காட்டி படிக்கும் முன்பே தெரிந்துகொள்கிறது.

இதில் மார்ட்டின் விழாவைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தூர்ஸ் நகர ஆயராக, அதாவது பிஷப்பாக, இருந்த மார்ட்டின் நாலாம் நூற்றாண்டு ஆள், இன்றைய ஹங்கேரியில் பிறந்து ரோமானியப் படையில் சேர்ந்தவர். பிரான்ஸின் ஆமியான் நகர வாசலில் குளிரில் நடுங்கிய பிச்சைக்காரருக்குத் தன் மேலங்கியை வாளால் இரண்டாக வெட்டிப் பாதியைக் கொடுத்தார் என்பது கதை. 397இல் இறந்து நவம்பர் 11 அன்று அடக்கமானதால் அந்தத் தேதியில் விழா. ரைன் பகுதியில் அன்றைக்கோ அதை ஒட்டிய மாலைகளிலோ தெருத் தெருவாக ஊர்வலம் போகும்: முன்னால் குதிரையில் சிவப்பு மேலங்கியோடு ஒருவர், பின்னால் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் காகித விளக்குகளோடு, பாண்டு வாத்தியம், கடைசியில் திடலில் பெரிய நெருப்பு, அதைச் சுற்றி நின்று அந்தக் காட்சியை நடித்துக் காட்டுவார்கள்.

பிள்ளை கற்பது ஊர்வலத்துக்குச் சில வாரம் முன்பே தொடங்கிவிடுகிறது. அக்டோபரில் ஒரு மாலை பெற்றோரைக் கூப்பிட்டு, குட்டி நாற்காலிகளில் முழங்கால் மோவாயை இடிக்க உட்காரவைத்து, பசையும் மெல்லிய வண்ணக் காகிதமும் கொடுத்துவிடுவார்கள். பிள்ளை கிழித்துத் தரும், நாம் ஒட்ட வேண்டும். விளக்கு காய வேண்டும், இன்றைக்கே எடுத்துப் போகக் கூடாது, காத்திருக்க வேண்டும். இதற்கிடையில் கிண்டர்கார்டனில் ஒரு சிவப்புத் துணியை நடுவில் விரித்து, யார் வெட்டுவது, பாதி என்றால் எவ்வளவு, மீதிப் பாதியில் மார்ட்டினுக்குக் குளிராதா என்றெல்லாம் பேசுகிறார்கள். அந்தக் கடைசிக் கேள்வியைப் பிள்ளைகளே கேட்பார்கள், அது நல்ல கேள்வி. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு நீ நடுங்கு என்று அந்தக் கதை சொல்லவில்லை, உன்னிடம் இருப்பதில் பாதி என்கிறது, நாலு வயதுப் பிள்ளையால் செய்ய முடிகிற அளவு அது. ஊர்வலம் முடிந்ததும் மனித உருவத்தில் சுட்ட இனிப்பு ரொட்டி கிடைக்கும், திராட்சைக் கண், வாயில் களிமண் புகைக்குழாய். பல இடங்களில் இரண்டு பேருக்கு ஒன்றுதான் கொடுப்பார்கள், பிய்த்துப் பகிர்ந்து தின்ன வேண்டும். தலைப் பக்கம் யாருக்கு என்பதில் ஒரு சண்டை நடக்கும், அதைத் தீர்ப்பதும் அன்றைய பாடத்தில் சேர்த்தி.

டிசம்பரில் நாலு மெழுகுவர்த்தி வைத்த பச்சை வளையம் வரும், ஞாயிறுக்கு ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போய் நாலும் எரிந்தால் கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். இந்த வளையத்தின் முதல் வடிவத்தை 1839இல் ஹாம்பர்கில் உருவாக்கியவர் ஜோஹன் ஹின்ரிஷ் விஷர்ன் என்ற புராட்டஸ்டண்ட் பாதிரியார், தன் இல்லத்து ஏழைப் பிள்ளைகள் 'இன்னும் எத்தனை நாள்' என்று கேட்டு நச்சரித்ததற்காக ஒரு வண்டிச் சக்கரத்தில் செய்தார் என்பார்கள். கத்தோலிக்கச் சர்ச்சுக்குள் அது வந்தது 1925இல், கொலோனில். இன்று அது இல்லாத கத்தோலிக்க கிண்டர்கார்டனை நான் பார்த்ததில்லை.

டிசம்பர் 6 நிக்கோலாஸ் நாள். மீரா நகரத்து ஆயரான அவர் நீள் தொப்பியும் வளைகோலுமாக வருவார். பல கிண்டர்கார்டன்களில் ஒரு பெரியவர் பிள்ளைகள் முன்னிலையிலேயே சாதாரண சட்டையோடு வந்து உட்கார்ந்து, அங்கியை மாட்டி, தொப்பி வைத்து, கோலைப் பிடித்து நிக்கோலாஸாக மாறிக் காட்டுகிறார், எந்தப் பிள்ளையும் பயந்துவிடக் கூடாது என்பதற்காக. பயமுறுத்தி ஒழுக்கம் கற்பித்த பழைய காலம் ஜெர்மனியிலும் இருந்தது, நிக்கோலாஸோடு கோலும் சாக்குமாக ஒரு முரட்டு ஆள் வந்து சேட்டைக்காரப் பிள்ளைகளை மிரட்டுவான். அவனைப் பெரும்பாலும் வெளியே நிறுத்திவிட்டார்கள், நல்ல வேளை.

ஜனவரியில் பிள்ளைகள் அந்த மூன்று ராஜாக்களைப் போலக் கிரீடம் வைத்து வீடு வீடாகப் பாடிக் காசு சேர்த்துவிட்டு, கதவு நிலையில் சாக்குக்கட்டியால் ஆண்டின் எண்ணையும் நடுவில் சி, எம், பி என்ற மூன்று எழுத்தையும் எழுதுவார்கள், 'கிறிஸ்து இந்த வீட்டை ஆசீர்வதிப்பாராக' என்று லத்தீனில். 1959இலிருந்து நாடு தழுவி நடக்கும் இந்த வசூல் ஆகன் நகரில் உள்ள சிறுவர் மிஷன் அமைப்பு வழியாக உலகெங்கும் இருக்கும் பிள்ளைகளுக்குப் போகிறது. தெருவில் போவது பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள்தான், சின்னவர்கள் தங்கள் கட்டிடத்துக்குள்ளேயே ஊர்வலம் விட்டுக்கொள்வார்கள்.

சிக்கலான இடம் ஈஸ்டருக்கு முந்தைய வாரம். சிலுவையில் அறைந்து கொல்லப்பட்ட கதையை நாலு வயதுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? பவேரியாவைச் சேர்ந்த கல்வியாளர் ஃபிரான்ஸ் கெட் வளர்த்த ஒரு முறை இங்கே பரவலாக இருக்கிறது. தரையில் வட்டத்தின் நடுவே துணி விரிப்பார்கள், பழுப்புத் துணி பாதை, கறுப்புத் துணி துயரம். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து ஒரு கல்லையோ குச்சியையோ அதில் வைப்பார்கள், யாரும் பேச வேண்டிய கட்டாயமில்லை. ரத்தமும் ஆணியும் விவரிக்கப்படுவதில்லை. பிறகு மஞ்சள் துணி வரும், பூ வரும், மெழுகுவர்த்தி வரும். பிள்ளைகள் கையால் ஒரு படத்தை அடுக்குகிறார்கள், துக்கத்துக்கும் ஒரு இடம் உண்டு, அதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை என்பது அந்த வழியில் போகிறது. தோட்டத்தில் செத்த பறவை ஒன்று கிடந்தால் அதைக் குப்பையில் எறியாமல் குழி தோண்டிப் புதைத்து, மேலே இரண்டு குச்சியைக் கட்டி வைத்து, "இப்ப அது எங்கே இருக்கு?" என்று பிள்ளைகள் கேட்பதற்கு நேரம் கொடுக்கிறார்கள். சாவைப் பற்றிப் பிள்ளைகளிடம் வாயே திறக்காத நம் வீடுகளுக்கு இது கொஞ்சம் தேவை என்றே நினைக்கிறேன்.

அப்படியென்றால் இந்து, முஸ்லிம் பிள்ளைகள்? பெருநகரங்களில் கத்தோலிக்க கிண்டர்கார்டனில் இவர்கள் ஒன்றும் அபூர்வமில்லை. சாப்பாட்டுக்கு முன் கை கோத்துச் சொல்லும் ஜெபத்தில் கூட உட்கார்ந்திருப்பார்கள், சிலுவை அடையாளம் போட வேண்டும் என்று யாரும் வற்புறுத்துவதில்லை. பன்றி இறைச்சி, மாட்டிறைச்சி விஷயத்தைப் பதியும்போதே சொல்லிவிட வேண்டும். பிள்ளை வீட்டுக்கு வந்து மார்ட்டின் பாட்டைப் பாடும், நவம்பர் முழுக்கப் பாடும், அதற்குத் தயாராக இருங்கள். ரைன் பகுதித் தமிழர்களுக்கு இதெல்லாம் புதிதும் இல்லை: ஹாம் நகரில் 2002இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போகும் அதே குடும்பங்களில் பலர், ஆகஸ்டில் கேவலார் என்ற யாத்திரைத் தலத்து மாதாவிடம் நடக்கும் தமிழ் யாத்திரைக்கும் போகிறார்கள், ஊரில் மடுவுக்கும் வேளாங்கண்ணிக்கும் போன மாதிரி.

எனக்குள்ள குறை வேறு. பிள்ளையின் வீட்டுப் பண்டிகையைப் பற்றிப் பல கிண்டர்கார்டன்கள் தாமாகக் கேட்பதில்லை. ஆனால் நாம் போய்ச் சொன்னால் வேண்டாம் என்பதும் இல்லை. மார்ட்டின் விளக்குக் காலத்தை ஒட்டித்தான் நம் கார்த்திகையும் வருகிறது, நாலு அகலை எடுத்துக்கொண்டு போய்க் காலை வட்டத்தில் உட்கார அனுமதி கேளுங்கள்.

சர்ச்சைப் பற்றிய கசப்பான பக்கத்தையும் மறைக்கக் கூடாது. 2018இல் வெளியான ஆய்வு, 1946 முதல் 2014 வரை ஜெர்மனியில் 1,670 கத்தோலிக்கக் குருமார் மீது பாலியல் கொடுமைக் குற்றச்சாட்டுகளும், பாதிக்கப்பட்டவர்களாக 3,677 சிறார்களும் கோப்புகளில் இருப்பதைக் காட்டியது. அது கிண்டர்கார்டன்களைப் பற்றிய ஆய்வல்ல, ஆனாலும் சர்ச் நடத்தும் எந்த இடமும் அதைத் தாண்டிப் போய்விட முடியாது. 2021 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு எந்த கிண்டர்கார்டனும் எழுத்தில் ஒரு பாதுகாப்புத் திட்டம் வைத்திருந்தால்தான் நடத்த அனுமதி. டயபர் மாற்றுவது யார், கதவு எப்படி இருக்க வேண்டும், புகார் யாரிடம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அந்தத் தாளைப் படிக்கக் கேட்பது உங்கள் உரிமை. ஊழியர் விஷயத்திலும் சர்ச் நெடுங்காலம் கடுமையாக இருந்தது: 2012இல் கோனிக்ஸ்வின்டர் நகரில், கணவரைப் பிரிந்து இன்னொருவரோடு வாழத் தொடங்கிய கிண்டர்கார்டன் தலைவியை வேலையிலிருந்து எடுக்க முனைந்தபோது பெற்றோர் பொங்கி எழுந்தார்கள், நகராட்சியே அதை நடத்திய உள்ளூர்ச் சர்ச்சோடு உள்ள ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. 2022 நவம்பரில்தான் ஆயர்கள் விதியை மாற்றி, ஊழியரின் அந்தரங்க வாழ்க்கை வேலைக்குத் தடையில்லை என்றார்கள். பெற்றோர் கூடிப் பேசினால் நகரும் என்பதற்கு இது நல்ல சான்று.

கடைசியாக அந்த ஏபிசிடி. எழுத்து ஆறு வயதில், ஒன்றாம் வகுப்பில்தான். கடைசி வருடப் பிள்ளைகளைத் தனிக் குழுவாக்கி, பென்சில் பிடிப்பது, கத்தரிக்கோலால் கோட்டில் வெட்டுவது, சொற்களைக் கைதட்டி அசை பிரிப்பது, சாலை கடக்கப் போலீஸ்காரரோடு பழகுவது என்று தயார் செய்கிறார்கள். வீட்டில் தமிழே பேசுங்கள் என்று ஆசிரியைகளே சொல்வார்கள், தாய்மொழி வலுவாக இருந்தால்தான் ஜெர்மனும் நன்றாக வரும் என்பதால், இதைத் தயவுசெய்து கேளுங்கள். கோடையில் சர்ச்சில் ஒரு ஆசீர்வாத வழிபாடு நடக்கும், அப்புறம் பல இடங்களில் ஒவ்வொரு பிள்ளையையும் கைகால் பிடித்து ஊஞ்சலாட்டிக் கதவுக்கு வெளியே விரித்த மெத்தையில் 'தூக்கிப் போடுவார்கள்', பெற்றோர் கைதட்டுவார்கள்.

நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலனில் கிண்டர்கார்டனின் புது ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று தொடங்குகிறது, ஆனால் இடத்துக்கான பதிவு வெகு முன்பே நடந்துவிடும், ஆகவே முந்தைய இலையுதிர் காலத்திலேயே, பெற்றோர் உள்ளே வந்து சுற்றிப் பார்க்கும் 'கதவு திறந்த நாளுக்கு'ப் போய்விடுங்கள். சிலுவை எந்தச் சுவரில் மாட்டியிருக்கிறது என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், ஒரு குழுவில் எத்தனை பிள்ளைகள், ஆசிரியைகள் அடிக்கடி மாறுகிறார்களா, வாரத்தில் எத்தனை நாள் வெளியே போகிறார்கள், மற்ற மதப் பிள்ளைகள் ஜெப நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். சுவரில் ஒட்டியிருக்கும் விளக்குகளையும் படங்களையும் பாருங்கள். எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி நேர்த்தியாக இருந்தால் பெரியவர்கள் செய்தது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கோணலாக இருந்தால் பிள்ளைகள் செய்தது. நான் இரண்டாவது இடத்தில்தான் பதிவேன்.